வாங்காத கடனுக்கு வட்டி எதற்கு?



சேமிப்பு, கடன், தவணை, பேரேடு என்று நாம் எத்தனையோ பாடம் படித்துவிட்டோம். இந்த மாதப் பாடம் நம் உடம்பைப் பற்றியது. நம் உடம்பைப் பற்றி நமக்கு நாமே மனசுக்குள் என்ன பேசிக்கொள்கிறோம் என்பதைப் பற்றியது. "இதுக்கெல்லாம் ஒரு பாடமா?" என்று சிலர் கேட்கலாம். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். படித்து முடிக்கும்போது இதுவும் ஒரு கணக்குப் பாடம்தான் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு போட்டோ எடுத்த கதை

பண்ருட்டிப் பக்கத்தில் நம் குழு ஒன்றில் போட்டோ எடுக்க வேண்டியிருந்தது. விற்பனைக் கண்காட்சிக்கு விண்ணப்பம் போட 12 உறுப்பினர்களும் சேர்ந்து நிற்கிற படம் வேண்டும் என்றார்கள். ஐந்து நிமிட வேலை. முடிய முக்கால் மணி நேரம் ஆனது.

ஒருத்தர், "நான் பின்னால நிக்கிறேன், என் கறுப்புக்கு முன்னால நின்னா போட்டோவே இருட்டாயிடும்" என்றார். எல்லாரும் சிரித்தோம். இன்னொருத்தர், "என் வயித்தை யாராவது மறைச்சிக்கிட்டு நில்லுங்கடி" என்றார். அதுக்கும் சிரித்தோம். "எனக்குப் பல்லு எடுப்பு, வாயைத் திறக்க மாட்டேன்" என்றார் மூன்றாவது ஆள். கடைசியில் பார்த்தால், தன் உடம்பில் ஒரு குறை சொல்லாத ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருத்தர்கூட இல்லை.

ஒரு அக்கா மட்டும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு கையையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். சின்ன வயசிலிருந்து முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். கை எப்படி இருக்கும் என்று நம்ம ஊரில் சொல்லத் தேவையில்லை.

படம் எடுத்து முடித்து, கண்காட்சியில் யார் கடையில் உட்காருவது என்று பேச்சு வந்தது. பருப்பைப் பார்த்தே தரம் பிரிக்கத் தெரிந்தவர் அந்த அக்காதான். விலை பேசுவதிலும் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அவர் மாட்டேன் என்றுவிட்டார். "இந்தக் கையால பருப்பை அள்ளிக் குடுத்தா யாரு வாங்கித் தின்பாங்க? என்னை விட்ருங்க" என்றார். வேறு இரண்டு பேர் போனார்கள். தரம் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் பாதிச் சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. நாம் நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற ஒரு வார்த்தைக்கும் குழுவின் வரவு செலவுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

இந்த வார்த்தையை முதலில் சொன்னது யார்?

அடுத்த கூட்டத்தில் ஒரு காரியம் செய்தோம். ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுத்தோம். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். கேள்வி இரண்டுதான். உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் சொல்லிக்கொள்கிற கெட்ட வார்த்தை எது? அதை உங்களிடம் முதலில் சொன்னது யார்?

முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் வந்துவிட்டது. இரண்டாவதுக்குக் கொஞ்ச நேரம் எல்லாரும் அமைதியாக இருந்தார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது.

"பொண்ணு பார்க்க வந்தவங்க. பெரியவளைக் காட்டுங்கன்னா சின்னவளைக் காட்டுங்கன்னு கேட்டாங்க."

"அஞ்சாங்கிளாஸ்ல பக்கத்துல உக்காந்த பிள்ளை."

"எங்க ஆயா. பாசமாத்தான் கூப்பிடும், கருவாச்சின்னு."

"ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் எங்க வீட்டுக்காரர்."

"டிவியில வர்ற கிரீம் விளம்பரம்."

நானேதான் கண்ணாடியைப் பார்த்துக் கண்டுபிடித்தேன் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. அந்த வார்த்தையை யாரோ நம்மிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சொன்னவர்களில் பாதிப் பேருக்கு அது ஞாபகம்கூட இருக்காது. ஆனால் நாம் இருபது வருஷம், முப்பது வருஷம் அதைச் சுமந்துகொண்டு, தினமும் நமக்கு நாமே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கடன் என்றால் நமக்கு நன்றாகத் தெரியும். யார் வாங்கினது, எவ்வளவு, என்ன வட்டி, எப்போ முடியும் என்று பேரேட்டில் எழுதி, தீர்மானம் போட்டுத்தான் கொடுக்கிறோம். கந்துவட்டிக்காரன் வந்து வாங்காத கடனுக்கு வட்டி கேட்டால் விடுவோமா? குழுவே திரண்டு போய்க் கேட்கும். இந்த வார்த்தைகளும் நாம் கேட்டு வாங்காத கடன்தான். கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருந்தது, மேடை ஏறாமல் இருந்தது, பாங்கு மேனேஜர் முன் பேசாமல் இருந்தது, கண்காட்சிக் கடையில் உட்காராமல் இருந்தது எல்லாம் அதற்குக் கட்டின வட்டி.

ஒரு தலைமைச் செயலாளரின் கதை

படிக்காததால், ஏழையாக இருப்பதால்தான் நமக்கு இப்படி என்று நினைக்க வேண்டாம். நம் பக்கத்து மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

கேரளாவில் நம் குழுக்களைப் போலவே குடும்பஸ்ரீ என்ற பெண்கள் இயக்கம் இருக்கிறது. 1998-ல் மலப்புரத்தில் தொடங்கப்பட்டது. அதன் தலைமைப் பொறுப்பில் பல வருஷம் இருந்தவர் சாரதா முரளீதரன் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. 2024 செப்டம்பரில் அவர் கேரள அரசின் தலைமைச் செயலாளர் ஆனார். அவருக்கு முன் அதே நாற்காலியில் இருந்தவர் அவருடைய கணவர் வி. வேணு.

2025 மார்ச் மாதம் அவர் முகநூலில் மனம் திறந்து எழுதினார். கணவரின் நிர்வாகம் எவ்வளவு வெள்ளையோ, இவருடையது அவ்வளவு கறுப்பு என்று ஒருவர் ஒப்பிட்டுப் பேசினாராம். மாநிலத்தின் மிகப் பெரிய அதிகாரி. ஆயிரக்கணக்கான கோப்புகளைப் பார்த்தவர். அவருடைய வேலைக்கும் தோலின் நிறத்தை வைத்துத்தான் மார்க் போட்டார்கள்.

அவர் எழுதியதில் எங்களைத் தொட்டது இன்னொரு விஷயம். நாலு வயசுக் குழந்தையாக இருந்தபோது, தன்னைத் திரும்ப வயிற்றுக்குள் எடுத்துக்கொண்டு, வெள்ளையாக, அழகாகப் பெற்றுத் தர முடியுமா என்று அம்மாவிடம் கேட்டாராம். நாலு வயசுக்குள் அந்த வார்த்தை எப்படி உள்ளே போயிருக்கிறது பாருங்கள். தன் நிறம் நல்ல நிறம் இல்லை என்ற எண்ணத்தோடு ஐம்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்ததாக அவர் சொன்னார். அதை மாற்றியது அவருடைய பிள்ளைகள். அம்மாவின் கறுப்பில் அவர்கள் அழகைக் கண்டார்கள். அவர்கள் கண்ணால் பார்த்தபிறகுதான் அவருக்கும் அது தெரிந்ததாம்.

அந்தப் பதிவை முதலில் போட்டு, பின் எடுத்துவிட்டு, மறுபடியும் போட்டார். அவ்வளவு பெரிய அதிகாரிக்கும் இதைச் சொல்லத் தயக்கம் இருந்திருக்கிறது. அதனால் நமக்குத் தயக்கம் இருப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அவர் சொன்ன பிறகு எத்தனையோ பெண்கள் தங்கள் கதையைச் சொன்னார்கள். ஒருத்தர் வாய் திறந்தால் பத்துப் பேர் திறப்பார்கள். இது நமக்குக் குழுவிலேயே தெரிந்த விஷயம்தான்.

மனசுப் பேச்சுக்கும் கணக்குப் பார்க்கலாம்

1960-களில் அமெரிக்காவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மனச்சோர்வோடு வருகிறவர்களின் மனசில், அவர்கள் கூப்பிடாமலே சில எண்ணங்கள் தானாக ஓடுகின்றன. "நான் எதுக்கும் லாயக்கில்லை", "என்னை யாருக்கும் பிடிக்காது" என்பது போல. தானாக ஓடுவதால் அது உண்மை என்றே அவர்கள் நம்பிவிடுகிறார்கள். அந்த எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கப் பழக்கினார். இன்றைக்கும் மனநல மருத்துவத்தில் இந்த முறை பயன்படுகிறது.

நமக்கு இது புதுசு இல்லை. ரசீது இல்லாத செலவை நாம் கணக்கில் ஏற்றுவோமா? மனசில் ஓடுகிற வார்த்தைக்கும் அதே மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும்.

1. என்ன வார்த்தை? மழுப்பாமல் அப்படியே சொல்ல வேண்டும்.
2. யார் கொடுத்தது?
3. ஆதாரம் இருக்கா? முழுசும் உண்மையா, பாதியா, பொய்யா?
4. இதே நிலையில் நம் குழுத் தோழி ஒருத்தி இருந்தால் அவளிடம் என்ன சொல்வோம்?

நாலாவது கேள்விதான் முக்கியம். "என் கை பேய் மாதிரி இருக்கு" என்று நமக்கு நாமே சொல்வோம். அதையே பக்கத்தில் இருக்கிற தோழியிடம் சொல்ல நமக்கு வாய் வராது. அவளுக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியை நமக்குக் கொடுத்தால் போதும்.

"நான்தான் பேரழகி" என்று காலையில் எழுந்து பத்து முறை சொல்ல வேண்டும் என்று இந்தப் பாடம் சொல்லவில்லை. நம்பாத வார்த்தையை எத்தனை முறை சொன்னாலும் மனசு ஏற்காது. உண்மையான வார்த்தை ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னால் போதும். எப்படி என்று நாலு உதாரணம் பார்ப்போம். நாலும் எங்கள் துண்டுத் தாளில் வந்தவைதான்.

கை

முந்திரி ஓட்டில் இருக்கிற எண்ணெய் சாதாரண எண்ணெய் இல்லை. தோலை அரிக்கிற அமிலம் அதில் இருக்கிறது. பட்டால் எரியும், கொப்பளிக்கும், தோல் உரியும், கறுப்பாகக் கறை பிடிக்கும். அதே எண்ணெயைப் பிழிந்து எடுத்து பெயிண்ட், வார்னிஷ், வண்டிகளின் பிரேக் கட்டை செய்யப் பயன்படுத்துகிறார்கள். பிரேக் கட்டைக்குப் போகிற சரக்கு வெறும் கையில் பட்டால் கை எப்படிப் பூப் போல இருக்கும்?

2025-ல் பண்ருட்டி முந்திரிக்கும் பண்ருட்டிப் பலாவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்ம ஊர்ப் பேருக்கு வந்த மரியாதை அது. அந்தப் பருப்பு முழுசாக, உடையாமல் வெளியே வருவது இந்தக் கைகளின் திறமையால்.

ஆகவே "என் கை அசிங்கம்" என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, "இது வேலை செய்த கை, இதைக் காப்பாத்தணும்" என்று எழுதிக்கொள்வோம். காப்பாற்றுவது என்றால், உறை போடுங்கள். உறை இல்லாத இடத்தில் உட்காரும் முன் விளக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். புண் ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். உறை கேட்பது சலுகை கேட்பது ஆகாது. ஒருத்தர் கேட்டால் முணுமுணுப்பு, குழுவாகக் கேட்டால் கோரிக்கை.

நிறம்

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற பொருள். வெயிலில் உள்ள கெடுதலான கதிரிலிருந்து தோலைக் காப்பாற்றும் குடை அது. வெயில் நாட்டில், வெயிலில் வேலை செய்கிற நமக்கு இயற்கை கொடுத்தது.

இது தெரிந்தும் ஏன் வெட்கப்படுகிறோம்? வெட்கத்தை விற்றவர்கள் இருக்கிறார்கள். 1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி கிரீம் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. கறுப்பான பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது, கிரீம் போட்டால் இரண்டும் கிடைக்கும் என்று விளம்பரங்கள் சொல்லிக்கொண்டே இருந்தன. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதை எதிர்த்துப் புகார் கொடுத்துப் போராடியது. 2003-ல் அப்படிப்பட்ட விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. 2009-ல் சென்னையில் விமன் ஆஃப் வொர்த் என்ற அமைப்பு ‘கறுப்பே அழகு’ என்ற பொருளில் ஒரு பிரச்சாரம் தொடங்கியது. 2013-ல் நடிகை நந்திதா தாஸ் அதற்கு முகம் கொடுத்தார். கறுப்பானவர்களை மட்டமாகக் காட்டக் கூடாது என்று 2014-ல் விளம்பரத் துறையே தனக்கு விதி போட்டுக்கொண்டது. 2020-ல் அந்தக் கிரீமின் பெயரிலிருந்து ஃபேர் என்ற வார்த்தையையே எடுத்துவிட்டு க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றினார்கள். 45 வருஷம் ஆனது. பெண்கள் பேசப் பேசத்தான் மாறியது.

ஆனால் பேர் இல்லாத கிரீம் இன்னும் கடையில் இருக்கிறது. அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

டப்பாவுக்குள் என்ன இருக்கு?

சந்தையில், பஸ் நிலையத்தில், போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வருகிற கிரீம்கள் உண்டு. "ஏழு நாளில் சிவப்பு" என்று இருக்கும். யார் தயாரித்தது, எங்கே தயாரித்தது என்று இருக்காது. இவற்றில் இரண்டு ஆபத்து.

ஒன்று பாதரசம். இது தோலின் நிறத்தைத் தடுக்கும், அதனால் முகம் வெளுக்கும். ஆனால் தோல் வழியாக உடம்புக்குள் போய் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் டாக்டர்கள், சிறுநீரில் புரதம் போகிற ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைக் கவனித்தார்கள். அதில் 15 பேருக்கு வழக்கமாக அதிகம் காணாத ஒரே வகை நோய். அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்குக் குணம் தெரிந்தது.

இன்னொன்று ஸ்டீராய்டு. படை, அரிப்புக்கு டாக்டர் சில நாளைக்கு மட்டும் எழுதித் தருகிற மருந்து. மெடிக்கலில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் முதலில் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து சிவக்கும், பரு வரும், முடி முளைக்கும், வெயிலில் போனால் எரியும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும், அதனால் விடவும் முடியாது. இப்படிப்பட்ட கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு கண்டிப்பாக்கியது.

நம் உறுப்பினர் ஒருவரின் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அம்மா தினமும் தன்னைக் "கரிச்சட்டி" என்று சொல்லிக்கொள்வதைக் கேட்டு வளர்ந்தவள், அம்மா ஜாடை. சில்லறைக் காசு சேர்த்து ஒரு கிரீம் வாங்கிப் பூசி, முகம் முழுக்கப் புண்ணாக்கிக்கொண்டாள். அம்மா அழுதுகொண்டே எங்களிடம் சொன்னார்: "அவளை நான் ஒரு நாளும் கறுப்புன்னு சொன்னதில்லைங்க. என்னைத்தான் சொல்லிக்கிட்டேன்." மகள் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கழுத்து, மங்கு

கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக, வெல்வெட்டுத் துணி மாதிரித் தடிப்பாக இருக்கிறதா? எலுமிச்சம்பழம் தேய்த்து, கல்லை வைத்து உரசி, "சரியாக் குளிக்கிறதில்லையா" என்று பேச்சும் வாங்கியிருப்பீர்கள். அது அழுக்கு இல்லை. பல பேருக்கு அது உடம்பில் சர்க்கரையைக் கையாளும் சக்தி குறைகிறது என்பதற்கான அடையாளம். தேய்த்தால் போகாது. சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும், எடையைக் குறைக்க வேண்டும். உடம்பு நமக்கு எழுதிய கடிதத்தை இத்தனை நாள் கல்லை வைத்து அழித்துக்கொண்டிருந்தோம்.

கன்னத்தில் வருகிற மங்கும் அப்படித்தான். கர்ப்பத்தின்போதும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும், வெயிலினாலும் வரும். யாருடைய பாவமும் தோஷமும் இல்லை. குடை பிடிப்பது, தலையில் துண்டு போடுவது உதவும். மருந்து வேண்டுமானால் தோல் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

வயிறு

பத்து மாதம் ஒரு பிள்ளையைச் சுமக்க வயிற்றுத் தோல் விரிகிறது. நடுவில் தசை இரண்டாக விலகிக் கொடுக்கிறது. பிரசவம் ஆன பிறகு தசை முழுசாகச் சேராமல் போகலாம். கோடுகள் வெளிறும், முழுசாக மறையாது. இரண்டு மூன்று பிரசவம், ஆபரேஷன், குடும்பக் கட்டுப்பாடு என்று எல்லாம் பார்த்த வயிறு கல்யாணத்துக்கு முன் இருந்த மாதிரி இருக்கணும் என்று கேட்பது நியாயமா?

அன்பாகப் பார்ப்பது வேறு, அலட்சியமாக விடுவது வேறு

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "என் உடம்பு எப்படி இருந்தாலும் சரி" என்று பரிசோதனைக்கே போகாமல் இருப்பது உடம்பு மேல் வைக்கிற அன்பு ஆகாது.

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. 100-க்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடையில் இருந்தார்கள். "குண்டச்சி" என்று சொல்வதால் யாருக்கும் எடை குறைந்ததாகத் தெரியவில்லை. வெட்கம் வந்தால் என்ன செய்கிறோம்? எடை மெஷினில் ஏற மாட்டோம், டாக்டரிடம் போக மாட்டோம், தெருவில் நடக்கக் கூச்சப்படுவோம். சிலர் ஒரு நேரம் பட்டினி கிடந்து ரத்தசோகையையும் சேர்த்து வாங்குகிறோம்.

கருவேப்பிலைச் செடி வாடினால் அதைத் திட்டுவோமா? தண்ணீர் போதவில்லையா, பூச்சி இருக்கா என்று பார்ப்போம். உடம்பையும் அப்படிப் பார்க்கலாம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும், கர்ப்பிணிக்கு 11. இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் சர்க்கரை, இதய நோய்க்கு வாய்ப்பு கூடுகிறது. தையல் டேப் வைத்து வீட்டிலேயே அளக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிற தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். அவர்கள் வரும்போது "அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பாதீர்கள்.

வார்த்தை வெளியே இருந்து வந்தால்?

மனசுப் பேச்சை நாம் மாற்றிவிடலாம். வீட்டில் ஒருத்தர் தினமும் சொன்னால் என்ன செய்வது?

முதலில் நிதானமாக, நேராகச் சொல்லிப் பாருங்கள். "இப்படிச் சொன்னா எனக்கு வலிக்குது. இனிமே சொல்லாதீங்க." பல வீட்டில் இதுவரை யாரும் இதைச் சொன்னதே இல்லை. சொன்னதும் நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள்.

நிறுத்தாமல், அவமானப்படுத்துவதே வழக்கமாக இருந்தால், சட்டம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், அடிப்பதை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. இழிவாகப் பேசுவது, கேலி செய்வது, பட்டப்பெயர் வைத்து அவமானப்படுத்துவது, பிள்ளை இல்லை, ஆண் பிள்ளை இல்லை என்று குத்துவது எல்லாமே அதில் வன்முறைதான். பெண்கள் உதவி எண் 181. மனசு தாங்காமல் தூக்கம் போய், சாப்பாடு போய், செத்துப் போகலாமா என்று தோன்றினால் ஒரு நிமிஷமும் தள்ளிப்போடாமல் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பக்கத்தில் இருக்கிற குழுத் தோழியிடமும் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். வெளியே இருந்து வருகிற வார்த்தையில் நாம் கொடுத்தது எவ்வளவு? மருமகள் தேடும்போது "நல்ல செவப்பா இருக்கணும்" என்று கேட்டது யார்? பக்கத்து வீட்டுப் பிள்ளை பிறந்ததும், ஆணா பெண்ணா என்பதற்கு அடுத்து "என்ன நிறம்" என்று கேட்டது யார்? நாம்தான். மற்றவர் தலையில் நாம் ஏற்றிய கடனையும் தள்ளுபடி செய்தால்தான் கணக்கு நேராகும்.

ஒரு மாதப் பயிற்சி

முதல் வாரம்: நம் உடம்பைத் திட்டுகிற வார்த்தை எத்தனை முறை வருகிறது என்று கவனிப்போம். மாற்ற வேண்டாம். முகம் கழுவும்போதா, புடவை கட்டும்போதா, விசேஷத்துக்குக் கிளம்பும்போதா என்று மட்டும் பார்ப்போம்.

இரண்டாம் வாரம்: வார்த்தை வரும்போது நாலு கேள்வியையும் கேட்போம்.

மூன்றாம் வாரம்: தினமும் படுக்கும் முன், இன்றைக்கு இந்த உடம்பு செய்த ஒரு வேலையைச் சொல்லி முடிப்போம். "இந்தக் கால் இன்னைக்கு நூறு நாள் வேலைக்கு நடந்துது." "இந்தத் தோள் பிள்ளையைத் தூக்கிச்சு." எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் கைகாலை நீவிவிடுவோம்.

நாலாம் வாரம்: வெட்கத்தால் தள்ளிப்போட்ட ஒரு காரியத்தைச் செய்வோம். மருத்துவப் பரிசோதனை, போட்டோ, கூட்டத்தில் பேச்சு, எதுவானாலும் சரி.

ஒரே மாதத்தில் முப்பது வருஷ வார்த்தை போய்விடாது. மறுபடியும் வரும். வந்தால் "பயிற்சி தோத்துப்போச்சு" என்று அதுக்கும் நம்மைத் திட்டிக்கொள்ள வேண்டாம். தவணை தவறினால் அடுத்த மாதம் சேர்த்துக் கட்டுவது போல, மறுநாள் தொடருவோம்.

குழுவில் பேசுவோம்

1. நம் ஊரில் பெண்களின் உடம்பை வைத்துச் சொல்கிற பட்டப்பெயர்கள் என்னென்ன? ஆண்களுக்கு அத்தனை இருக்கா?
2. வெட்கத்தால் நாம் விட்டுவிட்ட வாய்ப்பு எது?
3. நம் மகள்களின் காதில் விழும்படி நாம் என்ன பேசுகிறோம்?
4. முந்திரி வேலை செய்கிற உறுப்பினர்களுக்குக் கையுறை கிடைக்கக் குழு என்ன செய்யலாம்?

தீர்மானப் புத்தகத்தில் எழுத: "குழுக் கூட்டத்தில் யாரும் தன்னையோ மற்றவரையோ நிறம், உருவம் வைத்துக் கேலியாகப் பேசுவதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது." எங்களில் ஒரு குழு இதை எழுதிக் கையெழுத்துப் போட்டது. மீறினால் ஒரு ரூபாய் அபராதம் என்றும் சேர்த்தார்கள். முதல் மாதம் நல்ல வசூல்!

அந்த அக்கா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அடுத்த கண்காட்சிக்கு அவர் வந்தார். முதல் நாள் காலை முழுக்கக் கையை மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தார். மத்தியானம் ஒரு அம்மா வந்து, "இது என்ன, எல்லாம் முழுசு முழுசா இருக்கு, மெஷின்ல உடைச்சதா?" என்று கேட்டார். அக்கா ஒரு கணம் யோசித்துவிட்டு இரண்டு கையையும் மேசைமேல் வைத்தார். "இல்லம்மா, இதால உடைச்சது" என்றார். அந்த அம்மா கையைப் பார்த்தார், பருப்பைப் பார்த்தார், அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

போட்டோவில் அக்கா இன்னமும் கையை மறைத்துக்கொண்டுதான் நிற்கிறார். போகட்டும். அசல் கொஞ்சம் பாக்கி இருக்கு. வட்டி கட்டுவதை நிறுத்திவிட்டார்.